அடித்த வரியும் தடித்த எழுத்தும் ஃபில்டரில் சிக்காதபோது

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும், உறைந்த ரப்பர் பாலான ஒட்டுபாலும் வாங்கும் ஒரு வியாபாரிக்கு நான் தக்கலையிலிருந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பேரேட்டில் பைசலான வரியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிடுவது அவருடைய தகப்பனார் காலத்துப் பழக்கம். கணினி வந்த பிறகும் கடைப்பையன் அதே பழக்கத்தை எக்செலில் தொடர்ந்தான். பணம் கொடுத்துத் தீர்த்த வரிகளுக்குக் குறுக்குக்கோடு, முன்பணம் வாங்கியவர்களுக்குத் தடித்த எழுத்து, தகராறில் நிற்பவற்றுக்குச் சிவப்பு எழுத்து என்று ஒரு வருடக் கொள்முதல் முழுவதையும் அலங்கரித்து அனுப்பியிருந்தான். மழையில் பால்வெட்டு நின்றிருந்த ஆனி மாதத்தில் முதலாளி தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "அடிச்சதெல்லாம் போக, இன்னும் எவ்வளவு நிக்குதுண்ணு மட்டும் சொல்லு மக்ளே."

கேள்வி எளிது. ஆனால் வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் ஃபில்டரின் அம்பைத் தட்டினால் பெயர்களும் எண்களும் வருகின்றனவே தவிர, "அடித்தவை" என்றொரு வரி வருவதில்லை. அன்று இரண்டு நாள் செலவழித்துக் கற்றுக்கொண்டதை, எந்த அறிகுறிக்கு எது மருந்து என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். எதைத் தொடுவதற்கு முன்பும் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்; பின்வரும் வழிகளில் பல, செல்களின் தோற்றத்தை மாற்றுபவை.

அறிகுறி: ஃபில்டர் பட்டியலில் தடித்த எழுத்துக்கோ குறுக்குக்கோட்டுக்கோ தேர்வே இல்லை

இது உங்கள் கணினியின் கோளாறு அன்று. எக்செலின் ஃபில்டர் செல்லுக்குள் இருக்கும் மதிப்பைப் பார்க்கும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து செல்லின் பின்னணி நிறத்தையும் எழுத்தின் நிறத்தையும் பார்க்கும். தடிப்பு, சாய்வு, அடிக்கோடு, குறுக்குக்கோடு ஆகிய நான்கும் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. ஆனால் தேடும் வசதிக்கு அவை தெரியும். ஆகவே தேடிப் பிடித்து நிறம் பூசி, அந்த நிறத்தைக் கொண்டு வடிகட்டுவதே வழி.

முதலில், ஏற்கெனவே ஏதாவது ஃபில்டர் போட்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். மறைந்திருக்கும் வரிகள் தேடலில் விடுபட்டுப் போகக்கூடும். அடுத்து, எந்த நெடுவரிசையில் அடையாளம் உள்ளதோ அதில் தரவு உள்ள பகுதியை மட்டும், தலைப்பை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பின்பு கன்ட்ரோல், எஃப் அழுத்தினால் வரும் பெட்டியில் ஆப்ஷன்ஸ் பொத்தானைத் தட்டி, ஃபார்மட் என்பதற்குள் போய், ஃபான்ட் பக்கத்தில் ஸ்ட்ரைக்த்ரூ என்ற சதுரத்தில் டிக் விழும்படி சொடுக்குங்கள். தடித்த எழுத்தைத் தேடுவதானால் அதே பக்கத்தில் போல்ட் என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தடிப்பும் சாய்வும் சேர்ந்த எழுத்து அந்தப் பட்டியலில் தனி வகையாக இருப்பதால், அப்படிப்பட்ட செல்கள் இருந்தால் அவற்றை இன்னொரு முறை தனியே தேடிவிடுவது நல்லது. தேடவேண்டிய சொல்லுக்கான இடத்தைக் காலியாகவே விட்டு, ஃபைண்ட் ஆல் தட்டுங்கள்.

கீழே ஒரு பட்டியல் விரியும். அந்தப் பட்டியலுக்குள் ஒருமுறை சொடுக்கிவிட்டுக் கன்ட்ரோல், ஏ அழுத்தினால் கிடைத்த செல்கள் அனைத்தும் தாளில் ஒருசேரத் தேர்வாகிவிடும். தேடல் பெட்டியை மூடிவிட்டு, தாளில் வேறு எங்கும் சொடுக்காமல், நேரே பின்னணி நிறத்துக்குப் போய் இதுவரை அந்தக் கோப்பில் பயன்படுத்தாத ஒரு நிறத்தைப் பூசுங்கள். இனி ஃபில்டரை மீண்டும் போட்டால், அதன் அம்பில் ஃபில்டர் பை கலர் என்பதற்குள் அந்த நிறம் நிற்கும். எங்கள் முதலாளி கேட்டது அடிக்காத வரிகளை என்பதால், நான் அங்கே தேர்ந்தெடுத்தது நோ ஃபில், அதாவது நிறம் பூசாதவை என்பதை.

தேர்ந்தெடுக்கும் இடத்தைக் குறுக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல் எதுவும் கொடுக்காமல் வடிவத்தை மட்டும் தேடும்போது, எழுத்தே இல்லாத காலிச் செல்லும்கூட அந்த வடிவம் இருந்தால் கணக்கில் வந்துவிடும். கடைப்பையன் ஒரு முழு வரியையும் தேர்ந்தெடுத்துக் கோடு போட்டிருந்ததால், நான் முதல் முறை தேடியபோது வரிகளைவிடப் பல மடங்கு செல்கள் கிடைத்துத் திகைத்துப்போனேன்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை

இதற்கு நான்கு காரணங்களைக் கண்டிருக்கிறேன். அடிக்கடி நேர்வதும் எளிதில் தீர்வதும் முதலாவது: முந்தைய தேடலில் கொடுத்த வடிவம் அந்தப் பெட்டியில் அப்படியே தங்கியிருப்பது. காலையில் சிவப்பு எழுத்தைத் தேடிவிட்டு மதியம் குறுக்குக்கோட்டைத் தேடினால், சிவப்பாகவும் இருந்து கோடும் விழுந்த செல்களை மட்டுமே எக்செல் தேடும். வெறும் பெயரைத் தேடினாலும் இதே கதிதான். கண்முன்னே இருக்கும் பெயரை "இல்லை" என்று சொல்லும். ஃபார்மட் பொத்தானின் ஓரத்து அம்பைத் தட்டி, கிளியர் ஃபைண்ட் ஃபார்மட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய நிபந்தனை அகலும்.

இரண்டாவது, வடிவத்தைக் கையால் குறிக்காமல் ஒரு செல்லைக் காட்டி "இதைப் போல" என்று எடுப்பது. வசதியாகத் தோன்றும் இந்த வழி அந்தச் செல்லின் எழுத்துருவையும் அளவையும் ஓரக்கோட்டையும் எண் வடிவத்தையும் சேர்த்தே நிபந்தனையாக்கிவிடுகிறது; அளவு 11 உள்ள செல்லைக் காட்டினால் அளவு 12இல் அடித்த வரி தப்பிவிடும். எனக்கு இந்தப் பொத்தான்மேல் நம்பிக்கை இல்லை.

மூன்றாவது, நிபந்தனை வடிவமைப்பு, அதாவது கண்டிஷனல் ஃபார்மட்டிங். "நிலுவை சுழியம் என்றால் கோடு போடு" என்று யாராவது விதி எழுதி வைத்திருந்தால், கோடு திரையில் தெரியும். செல்லின் சொந்த வடிவத்தில் அது இருக்காது. ஆகவே தேடல் அதைக் காணாது. இங்கே ஒரு நல்ல செய்தி என்னவென்றால், கோட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. விதி எதைப் பார்த்துக் கோடு போடுகிறதோ அந்த நெடுவரிசையிலேயே ஃபில்டரைப் போட்டு, சுழியம் என்று கொடுத்தால் போதும். அதே விதி பின்னணி நிறமும் பூசுமானால் ஃபில்டர் பை கலர் அந்த நிறத்தை ஏற்றுக்கொள்ளும். நிறத்தைப் பொறுத்தவரை ஃபில்டருக்குக் கையால் பூசியதும் விதி பூசியதும் ஒன்றே.

நான்காவதுதான் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது. எடை நெடுவரிசையில் ஒரு செல்லில் 52 என்று எழுதி, அதை மட்டும் அடித்து, பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு 48 என்று எழுதியிருந்தது. தராசில் திரும்ப நிறுத்தபோது நான்கு கிலோ குறைந்திருக்கிறது. நோட்டில் எப்படித் திருத்துவோமோ அப்படியே பையன் திருத்தியிருக்கிறான். செல்லின் பாதிக்கு மட்டும் கோடு இருப்பதால், முழுச் செல்லுக்கும் கோடு உள்ளதா என்று கேட்கும் தேடலில் அது சிக்கவில்லை. அதைவிடக் கெடுதலான ஒன்றும் அந்தச் செல்லுக்குள் இருந்தது. எக்செலில் ஒரு செல்லின் பகுதிக்கு மட்டும் வடிவம் கொடுக்க வேண்டுமானால் உள்ளே இருப்பது எழுத்துச் சரமாக இருக்க வேண்டும். எண்ணாக இருந்தால் முழுச் செல்லுக்கும் ஒரே வடிவம்தான். "52 48" என்பது எண் அன்று, எழுத்து. ஆகவே கூட்டல் சூத்திரம் 52ஐயும் எடுக்கவில்லை, 48ஐயும் எடுக்கவில்லை. அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது.

இப்படிப்பட்ட செல்களைப் பிடிக்க, எடை நெடுவரிசைக்கு ஃபில்டர் போட்டு, விரியும் பட்டியலின் அடிப்பகுதியைப் பாருங்கள். எண்கள் மேலே வரிசையாக நிற்க, எழுத்தாக உள்ளவை அவற்றுக்குக் கீழே ஒதுங்கி நிற்கும். அவற்றை மட்டும் டிக் செய்து, ஒவ்வொன்றாகத் திறந்து, சரியான எடையை எண்ணாக எழுதி, பழைய எடையைக் குறிப்பு நெடுவரிசைக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் கோப்பில் இவ்வாறு 14 செல்கள் இருந்தன. அதிகமாக இருந்தால், வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலான மேக்ரோ எழுதலாம். பகுதி மட்டும் அடித்த செல்லிடம் "குறுக்குக்கோடு உண்டா" என்று மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ கேட்டால் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நல் என்ற வெற்று விடையைத் தரும் என்பதால், அந்த விடையைத் தரும் செல்களுக்கு நிறம் பூசச் சொன்னால் போதும்.

அறிகுறி: ஃபில்டர் பை கலர் மங்கிக் கிடக்கிறது

நிறம் பூசியிருக்கிறோம், ஆனால் அந்த வரி சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்கிறது என்றால், முதலில் சரியான நெடுவரிசையின் அம்பைத்தான் தட்டினீர்களா என்று பாருங்கள். பெயருக்கு நிறம் பூசிவிட்டுத் தொகையின் அம்பைத் தட்டினால் அங்கே நிறம் இருக்காது. அடுத்து, திரையின் மேல் ஓரத்தில் கோப்பின் பெயருக்கு அருகே குரூப் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பல தாள்கள் ஒருசேரத் தேர்வாகியிருந்தால் இப்படி ஆகும், ஏதேனும் ஒரு தாளின் பெயர்மேல் வலப்பொத்தானைத் தட்டி அன்குரூப் கொடுத்தால் விடுபடும். தாள் பூட்டப்பட்டிருந்தாலும் ஃபில்டர் இயங்காது. பூட்டியவர் ஃபில்டருக்கு அனுமதி கொடுத்துப் பூட்ட வேண்டும்.

மற்றொன்று, தரவின் நடுவே ஒரு முழு வரி காலியாக இருப்பது. ஒரு செல்லில் நின்றபடி ஃபில்டர் போட்டால் எக்செல் காலி வரிவரைதான் தரவு என்று எண்ணிக்கொள்ளும். மாதத்துக்கு மாதம் அழகுக்காக ஒரு வரி விட்டு எழுதுபவர்கள் நம்மிடையே நிறைய. நிறம் பூசியதெல்லாம் ஆவணிக்குக் கீழே இருந்து, ஃபில்டர் ஆனியோடு நின்றுவிட்டால் மங்காமல் என்ன செய்யும்? ஃபில்டரை நீக்கி, தலைப்பு முதல் கடைசி வரிவரை கையால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்தி மீண்டும் போடுங்கள்.

அறிகுறி: சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிவப்புதான் வருகிறது

நமக்குச் சிவப்பு ஒன்று. எக்செலுக்கு ஒவ்வொரு சாயலும் வேறு. வீட்டுக் கணினியில் ஒரு சிவப்பு, கடைக் கணினியில் சற்றே அடர்ந்த இன்னொன்று, வேறு கோப்பிலிருந்து ஒட்டியதில் மூன்றாவது என்று சேர்ந்துவிடும். பட்டியலில் அவை தனித்தனிக் கட்டங்களாக அருகருகே நிற்பதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். ஒரு நெடுவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், சாயல்களை முதலில் ஒன்றாக்குங்கள்: கன்ட்ரோல், எச் அழுத்தி, மேலே உள்ள ஃபார்மட்டில் மாற்ற வேண்டிய சாயலையும் கீழே உள்ள ஃபார்மட்டில் வேண்டிய சாயலையும் கொடுத்து, சொற்களுக்கான இரு இடங்களையும் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் தட்டினால் எழுத்து மாறாமல் நிறம் மட்டும் மாறும்.

உண்மையாகவே இரண்டு நிறங்கள் ஒருசேர வேண்டும் என்றால் அப்படியொரு தேர்வு அங்கே கிடையாது. தோவாளையிலிருந்து பூ வாங்கி வெளியூருக்கு ஏற்றும் ஒருவர் பிச்சிக்கு மஞ்சள், சம்பங்கிக்குப் பச்சை, அரளிக்கு இளஞ்சிவப்பு என்று பூசி வைத்துவிட்டு, பிச்சியையும் சம்பங்கியையும் சேர்த்துக் காட்டும்படி கேட்டார். நிறத்தைச் சொல்லாக மாற்றுவதுதான் வழி. வலப்பக்கம் ஒரு புதிய நெடுவரிசையைத் தொடங்கி, முதலில் மஞ்சளை வடிகட்டுங்கள். தெரியும் வரிகளில் புதிய நெடுவரிசையின் செல்களைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்டையும் அரைப்புள்ளிக் குறியையும் சேர்த்து அழுத்தினால் தெரியும் செல்கள் மட்டும் தேர்வில் நிற்கும். "பிச்சி" என்று தட்டச்சு செய்து, வெறும் என்டர் அழுத்தாமல் கன்ட்ரோல், என்டர் அழுத்துங்கள். எல்லாச் செல்களிலும் ஒரே நேரத்தில் சொல் விழும். பச்சைக்கும் அப்படியே. பிறகு சொற்களைக் கொண்டு எத்தனையை வேண்டுமானாலும் சேர்த்து வடிகட்டலாம். இந்த வேலையில் பல செல்களை வேறிடத்திலிருந்து எடுத்து வந்து வடிகட்டிய வரிகளில் ஒட்டாதீர்கள். மறைந்திருக்கும் வரிகளிலும் அவை போய் விழுந்துவிடும், விழுந்தது ஃபில்டரை நீக்கும்வரை தெரியாது.

நான் எனக்கு வரும் கோப்புகள் எல்லாவற்றிலும் இப்போது இதைத்தான் செய்கிறேன். குறுக்குக்கோட்டை நிறமாக்கி, நிறத்தை "பைசல்" என்ற சொல்லாக்கி, "நிலை" என்ற தலைப்பில் நிறுத்திவிட்டால், பிறகு பையன் எந்த வண்ணம் பூசினாலும் என் கணக்கு அசைவதில்லை.

அறிகுறி: வடிகட்டிய பிறகும் கூட்டுத்தொகை மாறவில்லை

சம் என்ற சூத்திரம் மறைந்த வரிகளையும் சேர்த்தே கூட்டும். அதன் இடத்தில் சப்டோட்டல் சூத்திரத்தை 9 என்ற எண்ணோடு கொடுங்கள். ஃபில்டரில் தெரியும் வரிகளை மட்டும் கூட்டும். வரிகளை ஃபில்டரால் அன்றிக் கையால் மறைத்திருந்தால் 9 அவற்றையும் சேர்த்துக்கொள்ளும், 109 சேர்த்துக்கொள்ளாது. எண்ணிக்கைக்கு 3, அல்லது 103.

அறிகுறி: புதிதாக அடித்த வரி வடிகட்டலில் சேரவில்லை

ஃபில்டர் தானாக மறுபடி பார்ப்பதில்லை. நிறத்தை மாற்றினால் கன்ட்ரோல், ஆல்ட், எல் அழுத்தி மீண்டும் இயக்க வேண்டும். புதிதாகக் கோடு மட்டும் போட்டிருந்தால், தேடி நிறம் பூசும் வேலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாள்தோறும் இதைச் செய்ய முடியாது என்பவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1992இல் வந்த எக்செல் 4.0 பதிப்பின் மேக்ரோ மொழியில் கெட்.செல் என்றொரு சூத்திரம் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கும் நடுவே புள்ளி வைத்து எழுத வேண்டும். செல்லில் நேரடியாக எழுதினால் ஏற்காது. பெயர் நெடுவரிசை ஏ என்றும் உதவி நெடுவரிசை எச் என்றும் வைத்துக்கொண்டால், எச் 2 செல்லில் நின்றபடி ஃபார்முலாஸ் பட்டியில் டிஃபைன் நேம் திறந்து, ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயர் குறிப்பதாக இந்தச் சூத்திரத்தை எழுதுங்கள்: அடைப்புக்குள் முதலில் 23, பிறகு காற்புள்ளி, பிறகு டாலர் குறி இல்லாத ஏ 2. இப்போது எச் 2இல் சமக்குறி போட்டு அந்தப் பெயரை எழுதிக் கீழே இழுத்தால், அடித்த வரிகளுக்கு ட்ரூ என்றும் மற்றவற்றுக்கு ஃபால்ஸ் என்றும் வரும். 20 கொடுத்தால் தடிப்பு, 21 சாய்வு, 22 அடிக்கோடு, 24 கொடுத்தால் எழுத்து நிறத்தின் எண். முழுச் செல்லும் அல்லது அதன் முதல் எழுத்து மட்டும் அந்த வடிவத்தில் இருந்தாலும் இது ட்ரூ என்றே சொல்லும். "52 48" போன்ற செல்லை முழுவதும் அடித்ததாகவே கணக்கிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வடிவத்தை மாற்றினால் எக்செல் மறுகணக்குப் போடாது. ஆகவே கோடு போட்ட பின் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 9 அழுத்திய பிறகே விடை மாறும். கோப்பை மேக்ரோ தாங்கும் எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமிக்க வேண்டும். விடையின் இடத்தில் பிளாக்டு என்ற பிழை வந்தால், அந்தக் கணினியில் எக்செல் 4.0 மேக்ரோக்கள் தடுக்கப்பட்டுள்ளன என்று பொருள். இவ்வகை மேக்ரோக்கள் வழியாகத் தீய நிரல்கள் பரவியதால் மைக்ரோசாஃப்ட் 2022இல் இவற்றை இயல்பாகவே முடக்கிவிட்டது. எக்செலின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள டிரஸ்ட் சென்டரில் அனுமதிக்க இடம் இருந்தாலும், மற்றவர்களுடைய கோப்புகளும் வந்துபோகும் கணினியில் அதைத் திறந்து வைப்பதை நான் விரும்பமாட்டேன். கைப்பேசி எக்செலில் இது இயங்காது.

அறிகுறி: எக்செலில் சரி, கூகுள் ஷீட்ஸில் வழியில்லை

கூகுள் ஷீட்ஸில் நிறத்தைக் கொண்டு வடிகட்டும் வசதி 2020இலும், எக்செல் போன்ற இலவசச் செயலியான லிப்ரெஆஃபிஸ் கால்க்கில் 7.2 பதிப்போடு 2021இலும் வந்தது. ஆனால் ஷீட்ஸின் தேடல் பெட்டிக்கு வடிவம் தெரியாது. அங்கே குறுக்குக்கோட்டைப் பிடிக்க ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் நிரல் எழுத வேண்டும். அது தெரியாதவர்கள் கோப்பை எக்செல் வகையில் இறக்கி, மேலே சொன்னபடி நிறம் பூசித் திரும்ப ஏற்றிவிடலாம். கால்க்கில் செல்களுக்குப் பெயரிட்ட ஸ்டைல் கொடுத்திருந்தால் அந்த ஸ்டைலைத் தேடலாம்.

அறிகுறி: ஃபில்டர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன

இது கோட்டையும் தடிப்பையும் சேர்ந்ததன்று என்றாலும் மருந்து அதே தேடல் பெட்டியில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். தாளில் எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது, ஃபில்டர் பட்டியல் உள்ளதை உள்ளபடி காட்டிவிடுகிறது. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்த அதே பெயரோடு அது ஒருபோதும் சேராததால், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஃபார்மட்டின் ஃபான்ட் பக்கத்தில் அந்த எழுத்துருவின் பெயரைக் கொடுத்து ஃபைண்ட் ஆல் தட்டினால் அப்படிப்பட்ட செல்கள் மட்டும் திரளும். நிறம் பூசி, வடிகட்டி, யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வியாபாரியின் கோப்பில் நிலுவை இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்த மூன்று பெயர்கள் இவ்வாறு ஒன்றுசேர்ந்த பிறகே, அவர் ஆனியில் கேட்ட தொகையை ஆடி முதல் தேதி என்னால் சொல்ல முடிந்தது.